கியூபாப் பந்தியில் சோறு வரவில்லை

இது மன்னிப்புக் கடிதம் அல்ல என்பதை முதல் வரியிலேயே பதிவு செய்துவிடுகிறேன். என் வீட்டார் மூன்று வருடமாக என்னிடம் எதிர்பார்க்கும் ஒரு மன்னிப்பை நான் இதுவரை கேட்கவில்லை. இனியும் கேட்பதாக இல்லை. நடந்ததை நடந்தபடி தாளில் எழுதி வைப்பது மட்டுமே நோக்கம். (எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்று நம்பும் அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவன் நான். என்னைப் பற்றி வாய்வழியாகவும் ஒரு காணொளி வழியாகவும் உலவும் கதைக்கு எதிராக, என் தரப்பும் எழுத்தில் இருந்தாக வேண்டும்.)

அரசு அலுவலகமொன்றில் சான்றிதழ்ப் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். ஊர் சுசீந்திரம். என் மேசையைத் தாண்டிப் பிழையோடு போன விண்ணப்பம் ஒன்றுகூட இல்லை. தகப்பனார் பெயரில் முன்னெழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவேன். ஆட்கள் திட்டினார்கள். திட்டுவதற்குத் தடையில்லை, திருத்திக்கொண்டு வந்து திட்டலாம் என்பது என் நிலைப்பாடு.

ஓய்வுக்குப் பிறகு இந்தக் கண்டிப்பைக் காட்ட ஆள் இல்லாமல் போயிற்று. மனைவி பகவதியிடம் காட்டிப் பார்த்தேன், பலிக்கவில்லை. அந்தச் சமயம் எங்கள் தெருமுனையில் ஒரு மதுக்கடை வந்தது. அதை அகற்றக் கோரும் மனுவை நானே தயாரித்து, முதல் கையெழுத்தையும் நானே போட்டேன். மனு நிலுவையில் இருக்கும்போதுதான் பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகள் நிவேதா, கூட வேலை செய்யும் கதிர் என்ற கோயம்புத்தூர்ப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னாள்.

நான் எதிர்க்கவில்லை. (எதிர்ப்பேன் என்று நினைத்துத் தாயும் மகளும் ஒரு வாரம் பதில்களை ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். அவை பயன்படாமல் போனதில் இருவருக்கும் வருத்தம்.) இரண்டு ஜாதகங்களையும் கேட்டு வாங்கினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நிவேதா பிறந்த நேரத்தை, நான் அன்றே குறித்து வைத்த டைரியோடும் ஒத்துப் பார்த்தேன். பொருத்தம் பார்ப்பவரிடம் நானே கொண்டுபோனேன். பத்துக்கு எட்டு பொருந்தியது. இரண்டின் பின்புறமும் பென்சிலால் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன். இந்தச் சுருக்கொப்பத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என்னால் மறக்க முடியவில்லை.

பையனின் பெற்றோர் கன்னியாகுமரி பார்க்க வந்து, வட்டக்கோட்டைப் பக்கம் ஒரு கடலோர விடுதியில் தங்கினார்கள். இரு தரப்பும் முதல் முறையாக நேரில் உட்கார்ந்து தேதி குறிப்பதற்காக, அந்த விடுதியிலேயே ஒரு மாலை விருந்துக்கு எங்களை அழைத்தார்கள். என் மகளின் கல்யாணம் அந்த ஒரு மேசையில் முடிவாக வேண்டும். இடத்தைப் பற்றி நிவேதா தொலைபேசியில் தவணை முறையில்தான் சொன்னாள்.

“அது கியூபா ஸ்டைல் ரெஸ்டாரண்ட்பா. சின்னச் சின்னத் தட்டுல சாப்பாடு வரும். அப்புறம்... காக்டெயில் பாரும் உண்டு.”

“பாருன்னா சாராயம் விக்கிய எடமாக்கும்?”

“எல்லாரும் குடிக்கணும்னு இல்லப்பா. ஜூஸ் இருக்கு.”

“மனுவுல மொதல் கையெழுத்துப் போட்டவன் நான். அங்க வந்து ஒரு வாய் சாப்பிட மாட்டேன்.”

இப்படிச் சொன்னது உண்மை. தொலைபேசியை வைத்த பத்தாவது நிமிடம் பகவதி என்னைச் சரிக்கட்டிவிட்டாள் என்பதும் உண்மை. “ஒங்க மனு நம்ம தெருவுக்குத்தான. வட்டக்கோட்டை வரைக்கும் ஒங்களுக்கு என்ன அதிகாரம்?” என்று கேட்டாள். அதிகார எல்லை குறித்த அந்த வாதத்தில் எனக்குப் பிழை தென்படவில்லை. ஆனால் நான் இணங்கிவிட்டதை நிவேதாவுக்கு யாரும் முறைப்படி தெரிவிக்கவில்லை. பின்னால் நேர்ந்த அத்தனைக்கும் இந்தத் தகவல் விடுபாடுதான் காரணம் என்று கருதப்படுகிறது. (கருதுவது நான் மட்டும்.)

மாலை ஆறரை மணி. விடுதியின் மொட்டைமாடி. ஒரு பக்கம் கடல், தொலைவில் கோட்டையின் கருங்கல் மதில். இன்னொரு பக்கம் பாதியாக அறுத்த பழைய நீல நிறக் கார் ஒன்றைச் சுவரில் பதித்திருந்தார்கள். சுருட்டு பிடிக்கும் கிழவர்களின் படங்கள், ஓலைத் தொப்பிகள், தோல் கருவிகள் அதிரும் ஒரு பாட்டு. எந்தக் கையெழுத்தையும் சரிபார்க்க முடியாத வெளிச்சம். நாற்காலிகள் என் இடுப்பு உயரம். வேட்டி கட்டியவன் அதில் ஏறுவதற்கு ஒரு நடைமுறை வகுக்கப்படவில்லை. நான் இரண்டு தவணையில் ஏறினேன். ஏறியபின் கால் தரையில் பட மறுத்ததால், விருந்து முழுவதும் என் கால்கள் தொங்கியபடியே இருந்தன.

கதிரின் தகப்பனார் ஈஸ்வரமூர்த்தி, மோட்டார் பம்பு செய்யும் தொழிற்சாலை வைத்திருப்பவர். ஒவ்வொரு சொல்லின் வாலிலும் மரியாதையைக் கட்டித் தொங்கவிட்டுப் பேசினார். தாயார் சாந்தாமணி, பட்டுப்புடவை, அமைதியான முகம். கதிர் கைப்பேசியை மேசைப் பூச்சாடியில் சாய்த்து வைத்தான். தேதி குறிக்கும் நேரத்தைப் படம் பிடித்து வைக்க வேண்டுமாம். நல்ல யோசனை என்று பாராட்டினேன். ஆவணப்படுத்துகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

பரிமாற வந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். பூப்போட்ட சட்டை, ஓலைத் தொப்பி. என் முகத்தைக் குனிந்து பார்த்தார்.

“சாறே, சுசீந்திரம் சூப்ரண்டு சாறுதானே?”

“ஆமா.”

“நான் தங்கராஜு, அருமனை. எனக்க அப்பன் செத்தப்போ வாரிசு சர்டிபிகேட்டுக்கு ஒங்களுக்க ஆபீசுக்கு வந்தேன். மூணு தடவ திருப்பி விட்டிய.”

“என்ன பிழை?”

“அப்பனுக்க இன்ஷியல்.”

“அப்போ திருப்பித்தான் ஆகணும்.”

“அதுக்குப் பொறவு மஸ்கட்டுல இருபது வருசம் ஓட்டல்ல நின்னேன் சாறே. அங்கயும் எல்லாம் ரூலுதான்” என்று சிரித்தார். அது எந்த வகைச் சிரிப்பு என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.

உணவுப் பட்டியல் தாளில் இல்லை. மேசையில் ஒட்டியிருந்த கறுப்புக் கட்டத்தைக் கைப்பேசியால் படமெடுக்க வேண்டுமாம். எழுத்து வடிவில் வேண்டும் என்றேன். தங்கராஜ் உள்ளே போய் ஒரு பிரதி எடுத்து வந்தார். முதல் பக்கத்திலேயே, சிறு தட்டுகள், பகிர்ந்து உண்பதற்கு என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. எனக்குத் திருப்தி. சிறு தட்டு என்று ஒன்று இருந்தால் பெரிய தட்டு என்று ஒன்று இருந்தாக வேண்டும். அது இரண்டாம் பக்கத்தில் இருக்கும் என்று நம்பி, இரண்டாம் பக்கத்தைப் படிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். பணிக்காலத்தில் ஒருமுறைகூடச் செய்யாத பிழையை அங்கே செய்தேன். ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கட்டுரையில் நான் ஒத்துக்கொள்ளப்போவது இது ஒன்றுதான்.

ஈஸ்வரமூர்த்தி எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். எனக்கு எலுமிச்சைச் சாறு. சாந்தாமணி அம்மாள் மோஹிட்டோ கேட்டார். நீளக் கண்ணாடிக் குவளையில் புதினா இலை, எலுமிச்சைத் துண்டு, நொறுக்கிய ஐஸ் எல்லாம் போட்டு வந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து அவரே விளக்கினார்.

“புதினாவும் சர்க்கரையுமுங்க. ரம்மு கொஞ்சூண்டுதானுங்க. வருசத்துக்கு ஒருக்கா, எங்கயாச்சும் வெளியூர் வந்தா மட்டும்.”

கேட்காமலே முழுத் தகவலும் தந்த அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. தலையசைத்தேன்.

தட்டுகள் வரத் தொடங்கின. ஏத்தங்காயை (வெளியூரில் நேந்திரங்காய்) தட்டையாக நசுக்கி இரண்டு முறை பொரித்தது. பூண்டுச் சாறு ஊற்றிய நீளநீளமான வறுவல் ஒன்று. தங்கராஜ் என் காதருகே, “இது நம்ம மரச்சீனிக் கெழங்காக்கும் சாறே. வேற ஒண்ணும் இல்ல” என்றார். கறுப்புப் பயறு மசியல், பாலாடைக்கட்டி உருண்டை, தீயில் வாட்டிய சோளம், எலுமிச்சையில் ஊறிய மீன். மேசை நிறைந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

எதற்காக என்று நாஞ்சில் நாட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். எங்கள் பந்தியில் இலை போட்டதும் முதலில் வருவது தொடுகறிகள். அவியல், எரிசேரி, துவட்டல், கிச்சடி, பச்சடி, இஞ்சிக்கறி, ஏத்தங்காய் உப்பேரி, பப்படம் என்று இலையின் தலைப்பு முழுக்க நிறையும். ஒன்றையும் தொடக் கூடாது. பிறகு சோறு வர வேண்டும். சோற்றின்மேல் பருப்பும் நெய்யும் விழ வேண்டும். அதன்பின் பந்தியில் மூத்தவர் முதலில் கை வைப்பார். அப்புறம்தான் மற்றவர்கள். சோறு வருமுன் உப்பேரியை எடுத்துக் கடிப்பவனை நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம். அடுத்த கல்யாணத்துக்கு அழைக்க மறந்துவிடுவோம்.

அந்த மேசையில் மூத்தவன் நான். ஈஸ்வரமூர்த்தியைவிட ஒன்றரை வயது. (அவர் பிறந்த தேதியை ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தேன்.) எதிரே இருப்பவை தொடுகறிகள். சோறு வரவில்லை. எனவே கை வைக்க முகாந்திரம் இல்லை.

சோறு எங்கே என்று கேட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். விருந்தாளி சோறு கேட்டால் விருந்து வைத்தவருக்குத் தலைகுனிவு. சம்பந்தியை முதல் நாளே தலைகுனிய வைப்பவன் நான் அல்ல. எனவே காத்திருந்தேன். பெண்ணின் தகப்பன் கை வைக்காமல் தாங்கள் தொடுவது மரியாதை இல்லை என்று அவர்களும் காத்திருந்தார்கள். பகவதி என்னைப் பார்த்துக் காத்திருந்தாள். சாந்தாமணி அம்மாளின் குவளையில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

“எடுத்துக்குங்க சம்பந்தி” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

“இருக்கட்டும். அவசரமில்ல.”

கொஞ்சம் கழித்து, “புடிக்கலீங்களா?”

“அப்பிடி ஒண்ணும் இல்ல. முறைன்னு ஒண்ணு இருக்குல்லா.”

மேசைக்கடியில் தொங்கிய என் காலில் ஓர் உதை விழுந்தது. நிவேதா. கையால் வாயை மறைத்துக்கொண்டு, “அப்பா, பிளீஸ். எனக்காகச் சாப்பிடுங்க. ஒங்க போராட்டத்த வீட்ல வந்து வச்சுக்கலாம்” என்றாள். கண் கலங்கியிருந்தது. அங்கே வந்து ஒரு வாய் சாப்பிட மாட்டேன் என்று நான் சொன்னதைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போது தெரியாது. சோற்றுக்குக் காத்திருப்பதைப் போராட்டம் என்கிறாளே, பெங்களூர் போய்ப் பந்தி முறையே மறந்துவிட்டதே என்று எனக்கு வருத்தம். “பொறு மக்கா. வர வேண்டியது வரட்டு” என்றேன்.

இங்கே இன்னொரு முறையையும் சொல்லியாக வேண்டும். சம்பந்தம் பேசப் போகும் இடத்தில், பேச்சு முடிந்து சம்மதமாகும்வரை கை நனைக்கக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம், சாப்பிடாமல் எழுந்தால் சம்மதமில்லை. எங்கள் ஊரிலும் உண்டு, கோயம்புத்தூரிலும் உண்டு. எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் என் மனத்தில் சம்பந்தம் ஏற்கெனவே முடிந்துபோன கோப்பு. சுருக்கொப்பம்கூட இட்டாகிவிட்டது. அவர்கள் மனத்தில் அப்படி இல்லை. நான் ஒரு முறையின்படி காத்திருந்தேன்; அவர்கள் அதை இன்னொரு முறையின்படி வாசித்தார்கள். இரண்டும் சரியான முறைகள். இதில் என் தவறு எங்கே இருக்கிறது என்று யாராவது சுட்டிக்காட்டட்டும்.

அப்போது தங்கராஜ் வந்தார். “சாறே, தொடாத பிளேட்டு இருபது மினிட்டுக்கு மேல மேசையில வைக்கப்பிடாது. சூடு போயிரும். உள்ள கொண்டுபோயி வேற கொண்டுவரணும். இங்கத்த ரூலு.”

“ரூலு எழுத்துல இருக்கா?”

“அடுக்களைச் செவுத்துல ஒட்டியிருக்கு.”

எழுத்தில் இருக்கும் விதிக்கு நான் வாழ்நாளில் குறுக்கே நின்றதில்லை. “அப்போ எல்லாத்தையும் எடுங்க” என்றேன்.

எடுத்தார். ஏத்தங்காய் போயிற்று, மரச்சீனி போயிற்று, மீன் போயிற்று. மேசை துடைத்துவிட்டதுபோல ஆனது. ஈஸ்வரமூர்த்தியின் முகம் வெளுத்ததை அந்த வெளிச்சத்திலும் பார்க்க முடிந்தது. தான் வைத்த விருந்தைப் பெண்ணின் தகப்பன் தொடாமலே திருப்பி அனுப்புகிறான். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டேன். என் பணிக்காலத்தில் ஒன்றைக் கண்டிருக்கிறேன். விண்ணப்பதாரருக்கு எதிரே கோப்பை மூடி வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தால், சற்று நேரத்தில் அவர் தாமாகவே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அன்று நான் அந்த நோக்கத்தில் இருக்கவில்லை. பசியில்தான் இருந்தேன். ஆனால் முகம் பழகிய முகம்.

“சம்பந்தி, உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்களா?” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

நான் அடுக்களை வாசலைப் பார்த்தேன். என்ன தெரிய வேண்டும் என்று தெரியவில்லை.

“நான்தானுங்க அன்னைக்கே வேண்டாமுன்னேன். ஜாதகத்துல கதிர் பொறந்த நேரத்த எட்டு நிமிசம் தள்ளி எழுதினமுங்க. லக்கனம் மாறுச்சுன்னா பொருத்தம் வருதுன்னு ஜோசியர் சொன்னாருங்க. சாட்டிபிகேட்டுலயே ஊறுன மனுசர் நீங்க. பார்த்ததும் புடிச்சிருப்பீங்க. இத்தன நேரம் நாங்களே சொல்றமான்னு பார்த்துட்டு உக்காந்திருக்கறீங்க.”

பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. கதிர் தலையைக் குனிந்துகொண்டான். நிவேதா அவனைப் பார்க்கவில்லை. தன் தாயைப் பார்த்தாள்.

பகவதி தொண்டையைச் செருமினாள். “அப்பிடிப் பார்த்தா...” என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சொன்னாள். “இவளுக்கும் பதினொரு நிமிசம் நான் மாத்தினேன்.”

“எப்படி மாத்துவ? நேரம் எனக்க டைரியில எனக்க கையெழுத்துல இருக்கு.”

“ஒங்க கையெழுத்துலதான் மாத்தினேன். ஒங்க பேனா வச்சு.”

ஒரு முன்னெழுத்துக்காக ஊரைத் திருப்பி அனுப்பியவனின் வீட்டு அலமாரியில், அவன் கையெழுத்திலேயே ஒரு போலித் திருத்தம். பூதக்கண்ணாடியில் நான் அதைக் கண்டுபிடிக்கவில்லை. (பிறகு வீட்டில் எடுத்துப் பார்த்தேன். மிக நேர்த்தியான வேலை. என் ‘எ’யைவிட அவள் போட்ட என் ‘எ’ நன்றாக இருந்தது.) இரண்டு போலி ஆவணங்கள், இரண்டின் பின்புறமும் என் சுருக்கொப்பம்.

ஈஸ்வரமூர்த்தி எழுந்து நின்றார். “தப்பு எங்க மேலயும்தானுங்க. உங்களச் சங்கடப்படுத்திட்டோம். கை நனைக்காம இருக்கறதுலயே தெரியுதுங்க. பொறுத்துக்குங்க.” சாந்தாமணி அம்மாளும் கைப்பையை எடுத்தார். நிவேதா அழவில்லை. அதைவிட மோசமாக, மேசையில் இருந்த தாள் துண்டை நான்காக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுக்குக் காத்திருந்த காலையில் அப்படித்தான் மடித்தாள். அதைப் பார்த்தபிறகுதான் இந்த மேசையில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு முழுதாக உறைத்தது.

யோசித்தேன். வேகமாக, ஆனால் முறைப்படி. ஒரு ஜாதகம் போலியென்றால் அது செல்லாது. இரண்டுமே போலியென்றால் இரண்டுமே செல்லாது. எனவே சட்டப்படி ஜாதகம் என்று ஒன்று இல்லை. ஆவணமே இல்லாத இடத்தில் ஆட்சேபணைக்கும் இடமில்லை. இந்தத் தீர்ப்பை இன்றைக்கும் மாற்ற மாட்டேன்.

“இருங்க” என்றேன். “எனக்குச் சம்மதம்.”

சாந்தாமணி அம்மாள் என்னைப் பார்த்தார். “வாயில சொல்றது போதாதுங்க. மனசார இருந்தா இத்தன நேரம் ஒரு துண்டு எடுத்திருப்பீங்க.”

நியாயமான ஆட்சேபணை. சம்மதத்துக்கு உரிய நடைமுறை கை நனைப்பது. உடனே கை நனைக்க வேண்டும். மேசையைப் பார்த்தேன். தட்டுகள் எல்லாம் என் உத்தரவின் பேரில் உள்ளே போயிருந்தன. என் எலுமிச்சைச் சாற்றை நான் முன்பே குடித்து முடித்துவிட்டேன். (தாகத்துக்குக் குடிப்பது கணக்கில் சேராது.) எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. சாந்தாமணி அம்மாள் இன்னும் வாய் வைக்காத அந்த மோஹிட்டோ. தட்டுகளுக்கான விதி குவளைகளுக்கு இல்லாததால் தங்கராஜ் அதை எடுக்கவில்லை.

மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவன் அந்தக் குவளையை எடுத்தேன். குழலைப் பிடுங்கி வைத்தேன். இன்னொருவருக்கு வந்த குவளையில் உதடு படக் கூடாது என்பது இன்னொரு முறை. எனவே அண்ணாந்து, ஒரு முழம் உயரத்தில் பிடித்து, வாய்க்குள் ஊற்றினேன்.

செம்புத் தண்ணீரை அப்படிக் குடிக்கலாம். மோஹிட்டோ அதற்கு ஏற்பட்டதல்ல. முதலில் ஒன்றும் வரவில்லை, ஐஸ் அடைத்துக்கொண்டது. சற்றுச் சரித்தேன். எல்லாம் ஒன்றாக வந்தது. ஐஸ் நெற்றியில், எலுமிச்சைத் துண்டு கண்ணாடியில், புதினா மூக்கிலும் மீசையிலும், ரம்மில் பாதி சட்டைக்குள். மீதிப் பாதியை விழுங்கினேன். தொண்டை எரிந்தது. தொங்கிக்கொண்டிருந்த கால்கள் ஒரு கணம் ஆடின. குவளையை வைத்துவிட்டு, புதினாவை எடுக்காமலே, ஈரக் கையை எல்லாருக்கும் காட்டினேன்.

“நனைச்சாச்சு” என்றேன்.

அப்போது தங்கராஜ் புதிய தட்டுகளோடு வந்து நின்றார். எனக்குள் போன ரம்மின் உபயமாக இருக்கலாம், அதுவரை கேட்கக் கூடாது என்று அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“இனியாவது அந்தச் சோத்தைக் கொண்டாரும் வே.”

“சோறா? இங்க சோறு கிடையாது சாறே. மெனுவுலயே இல்ல.”

நிவேதா தாள் மடிப்பதை நிறுத்தினாள். “அப்பா. நீங்க இவ்வளவு நேரம் சோத்துக்காகவா இருந்தீங்க?”

“பின்ன எதுக்கு? தொடுகறி மட்டும் வச்சா எப்படிக் கை வைக்கது?”

முதலில் சிரித்தது சாந்தாமணி அம்மாள். கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். ஈஸ்வரமூர்த்தி உட்கார்ந்து, “அப்ப ஜாதகத்தப் பத்தி உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுங்களா?” என்றார்.

“நீங்க சொல்லித்தான் தெரியும்.”

“நானே வாயக் குடுத்தனா” என்று அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பகவதிக்கு இன்னும் நட்டம், அவளை யாரும் சந்தேகப்படக்கூட இல்லை. அவள் மட்டும் கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.

தங்கராஜ் உள்ளே போய், பணியாளர்களுக்கு வடித்த சோற்றில் ஒரு பாத்திரம் கொண்டுவந்தார். கூடவே கறுப்புப் பயறு. “ஸ்டாப்பு சாப்பாட்ட வெளிய குடுக்கப்பிடாதுன்னு ரூலு உண்டு சாறே” என்றார். “இருக்கட்டும். நாலாவது தடவ சர்டிபிகேட்டுல ஒப்புப் போட்டுத் தந்தியல்லா.” பிறகு எல்லார் காதிலும் விழும்படி ஒன்று சொன்னார். “மஸ்கட்டுல எனக்க கூட ஒரு கியூபாக்காரன் நின்னான். அவனுக்குச் சோறும் பயறும் இல்லாம ஒரு நேரம் கழியாது. கியூபாவுல அதுதான் மெயினு. இங்க மெனு போட்டவன் அத மட்டும் விட்டுட்டான்.”

வாசகர் இதைக் கவனிக்க வேண்டும். அந்த மொட்டைமாடியில் கியூபாவின் பந்தி முறையைக் கடைப்பிடித்த ஒரே ஆள் நான். மறுவாரம் இதைச் சுட்டி விடுதி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல் எழுதினேன். இப்போது அவர்கள் பட்டியலின் கடைசி வரியில் சோறும் கறுப்புப் பயறும் இருக்கின்றன. தங்கராஜ் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அவர் அன்று மீறிய விதியைப் பற்றி நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.

தேதி அன்றே குறித்தோம். ஜாதகம் பார்க்கவில்லை.

பூச்சாடியில் சாய்த்து வைத்த கைப்பேசியைக் கதிர் நிறுத்த மறந்துவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் காணொளி இரண்டு குடும்பத்திலும் எல்லாரிடமும் இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் இருப்பது, மூக்கில் புதினாவோடு ஈரக் கையை உயர்த்தி உட்கார்ந்திருக்கும் நான். வீட்டில் எதற்காவது நான் முடிவு சொல்லத் தாமதித்தால் பகவதி, “புதினா கிள்ளிக் கொண்டுவரட்டா?” என்கிறாள். தெருமுனைக் கடையை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். முதல் கையெழுத்துக்காரனின் காணொளியைக் கண்டு வெட்கித்தான் மாற்றினார்கள் என்று தெருவில் ஒரு வதந்தி. அதை நான் மறுக்கவில்லை.

கல்யாணப் பந்தி சுசீந்திரத்தில் நடந்தது. முதல் பந்தியில் ஒரு வரிசை முழுக்கக் கோயம்புத்தூர்க்காரர்கள். தொடுகறி வந்தது, சோறு வந்தது, பருப்பும் நெய்யும் விழுந்தன. யாரும் கை வைக்கவில்லை. அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். நான் வரிசைத் தலைப்பில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்தேன். உடனே சாந்தாமணி அம்மாள் தண்ணீர்த் தம்ளரை ஒரு முழம் உயரத்துக்குத் தூக்கி அண்ணாந்தார். கோயம்புத்தூர் வரிசை முழுக்கத் தம்ளரைத் தூக்கி அண்ணாந்தது. பட்டுப்புடவைகள் நனைந்தன, ஈஸ்வரமூர்த்தியின் சட்டை நனைந்தது, மாப்பிள்ளை புரையேறி இருமினான். பந்தலே சிரித்தது.

சிரிக்கட்டும். பந்தியில் மூத்தவன் கை வைக்கும்வரை அன்று ஒருவரும் இலையைத் தொடவில்லை. அதுவும் காணொளியில் இருக்கிறது.